முதுகெலும்பு மூட்டுவலி: எது முதலில், எது பிறகு?

"எலும்பு தேய்ஞ்சிருக்கு." இந்த ஒரு வாக்கியத்தோடு மருத்துவரின் அறையிலிருந்து வெளியே வருகிறவர்கள் நம்மிடையே ஏராளம். கையில் எக்ஸ்ரே படம், ஐந்து நாளைக்கு வலி மாத்திரை, கூடவே கால்சியம், இடுப்புக்கு ஒரு பெல்ட். வலி ஒரு வாரத்தில் குறைகிறது. ஒரு மாதத்தில் திரும்பி வருகிறது. அப்புறம் எம்.ஆர்.ஐ., பிசியோதெரபி மையத்தில் டிராக்‌ஷன், பக்கத்து ஊர் வைத்தியரின் எண்ணெய், யாரோ பரிந்துரைத்த முதுகு ஊசி. கடைசியில் "ஆபரேஷன் பண்ணிடலாமா?" என்ற கேள்வி.

இவற்றில் சில உதவும், சில உதவாது, சில கெடுதலும் செய்யும். எந்த வைத்தியம் யாருக்கு, எந்தக் கட்டத்தில் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள, வலி எங்கிருந்து கிளம்புகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

தேய்வது எது?

முதுகுத் தொடரில் அசையக்கூடிய முள்ளெலும்புகள் 24. கழுத்தில் 7, மார்புக்குப் பின்னால் 12, இடுப்பில் 5. கழுத்தின் உச்சியை விட்டுவிட்டால், அடுத்தடுத்த இரண்டு முள்ளெலும்புகளை மூன்று இணைப்புகள் பிடித்திருக்கின்றன. முன்னால் இருப்பது வட்டு. டிஸ்க் என்றும் ஜவ்வு என்றும் நாம் சொல்வது இதைத்தான். பின்னால் இடமும் வலமுமாக இரண்டு சிறிய மூட்டுகள். மருத்துவர்கள் இவற்றை ஃபேசட் மூட்டுகள் என்பார்கள். முழங்காலைப் போலவே இவற்றிலும் குருத்தெலும்பும் மூட்டுத் திரவமும் உண்டு. ஆகவே முழங்காலுக்கு வரும் மூட்டுவாதம் இவற்றுக்கும் வரும்.

வயது ஏற ஏற வட்டு நீர்ச்சத்தை இழந்து உயரம் குறைகிறது. கதவு கீழே இறங்கினால் கீல் தேய்வதுபோல, வட்டு இறங்கியதும் பாரம் பின்னாலுள்ள சிறு மூட்டுகளின் மேல் விழுகிறது. குருத்தெலும்பு மெலிகிறது. மூட்டின் ஓரங்களில் எலும்பு முளைகள் தோன்றுகின்றன. அருகிலுள்ள தசைநார் தடிக்கிறது. இடுப்பின் 4-ஆவது, 5-ஆவது முள்ளெலும்புகளுக்கு நடுவே இது மிக அதிகம்.

இதனால் வரும் வலி இரண்டு விதம். மூட்டிலிருந்தே கிளம்பும் வலி இடுப்பிலும் புட்டத்திலும் தங்கும், சில சமயம் தொடை வரை இறங்கும், முழங்காலுக்குக் கீழே போவது குறைவு. நெடுநேரம் நின்றாலும் பின்னால் வளைந்தாலும் கூடும். காலையில் சற்று விறைப்பாக இருந்து, நடமாடத் தொடங்கி அரைமணிக்குள் தளரும்.

இரண்டாவது, நரம்பு நெருக்கப்படுவதால் வரும் வலி. எலும்பு முளையும் தடித்த தசைநாரும் சேர்ந்து நரம்புகள் செல்லும் பாதையைக் குறுக்கிவிடுகின்றன. கொஞ்ச தூரம் நடந்ததும் இரண்டு கால்களும் கனக்கும், மரத்துப்போகும், உட்காரச் சொல்லும். முன்னால் குனிந்தாலோ உட்கார்ந்தாலோ சில நிமிடங்களில் சரியாகிவிடும். நூறு மீட்டர் நடக்க முடியாத ஒருவர் சைக்கிளில் நெடுந்தூரம் போக முடிவதும், தள்ளுவண்டியைப் பிடித்துக் குனிந்து நடந்தால் சிரமம் குறைவதும் இதனால்தான். குனியும்போது பாதை சற்று அகலமாகிறது. ரத்தக்குழாய் அடைப்பால் வரும் கால்வலிக்கு இந்தக் குணம் கிடையாது. அது வெறுமனே நின்றாலே குறையும், குனியத் தேவையில்லை.

தேய்மானம் இல்லாத மூட்டுவாதம்

இன்னொரு வகை உண்டு. அதைத் தவறவிட்டால் இழப்பு பெரிது. உடலின் எதிர்ப்புசக்தியே முதுகெலும்பின் மூட்டுகளைத் தாக்கும் அழற்சி வாதம் அது. ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் அதில் முக்கியமானது. தேய்மானம் ஐம்பதைத் தாண்டியவர்களை அதிகம் தேடி வரும். அழற்சி வாதமோ இருபதுகளிலேயே தொடங்கிவிடும், 45 வயதுக்குப் பிறகு புதிதாகத் தொடங்குவது அரிது.

அடையாளங்கள் ஏறக்குறைய தலைகீழாக இருக்கும். ஓய்வெடுத்தால் வலி கூடும், நடமாடினால் குறையும். பின்னிரவில் வலி எழுப்பிவிடும். காலை விறைப்பு அரைமணியைத் தாண்டி நீடிக்கும். புட்டத்தில் இடமும் வலமுமாக மாறி மாறி வலிக்கும். கண் சிவந்து வலிக்கும் அழற்சி, தோலில் சொரியாசிஸ், வீட்டில் வேறொருவருக்கு இதே நோய் என்று துணைச் சான்றுகளும் இருக்கலாம். எச்.எல்.ஏ. பி27 என்ற ரத்தப் பரிசோதனையும், இடுப்பின் பின்மூட்டுகளைப் பார்க்கும் எம்.ஆர்.ஐ.யும் உதவும். "பைக் ஓட்டுறதால வர்ற வலி" என்று வருடக்கணக்கில் தள்ளிப்போடப்படும் இளைஞர்கள் பலருக்கு இருப்பது இதுதான். அவர்கள் போகவேண்டிய இடம் மூட்டுவாத நிபுணர். அவர்களுக்கான வைத்தியம் தனி. அதைப் பின்னால் சொல்கிறேன்.

மூட்டுவாதம் என்று எண்ணிக் காத்திருக்கக் கூடாத சில நிலைகளும் உண்டு. சிறுநீர் அல்லது மலக் கட்டுப்பாட்டை இழத்தல், உட்காரும் இடம் மரத்துப்போதல், காலில் பலவீனம் கூடிக்கொண்டே போதல் ஆகியவை அன்றைக்கே மருத்துவமனைக்குப் போகவேண்டிய அறிகுறிகள். சட்டைப் பொத்தான் போடத் தடுமாறுவதும், செருப்பு காலைவிட்டுக் கழல்வது தெரியாமல் போவதும், நடை தள்ளாடுவதும் கழுத்தில் தண்டுவடம் நெருக்கப்படுவதைக் காட்டலாம். காய்ச்சல், எடை குறைதல், முன்பு புற்றுநோய் இருந்த வரலாறு, லேசாக விழுந்த பிறகு வந்த கடுமையான வலி என்றாலும் தாமதிக்கக் கூடாது. நம் நாட்டில் முதுகெலும்புக் காசநோயை எப்போதும் மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

படத்தில் இருப்பதெல்லாம் வலியல்ல

முதுகுவலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் ஒரு கட்டுரை வெளியானது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் படங்கள் அதில் இருந்தன. இருபது வயதினரில் 37 சதவீதம் பேருக்கே வட்டில் தேய்மானம் தெரிந்தது. எண்பது வயதினரில் அது 96 சதவீதம். இவர்கள் யாருக்கும் வலி இல்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

எனவே எம்.ஆர்.ஐ. அறிக்கையில் "வட்டு பிதுங்கல்", "ஃபேசட் தேய்மானம்" என்று எழுதியிருப்பது மட்டும் வலிக்கான காரணத்தைச் சொல்லிவிடாது. நரையைப் போல அதில் பெரும்பகுதி வயதின் கணக்கு. நோயாளி சொல்லும் கதையும், மருத்துவர் தொட்டுப் பார்க்கும் பரிசோதனையும், படமும் ஒரே இடத்தைக் காட்டும்போதுதான் படத்துக்கு மதிப்பு. அபாய அறிகுறி ஏதும் இல்லாதபோது முதல் வாரத்திலேயே ஸ்கேன் எடுப்பது பெரும்பாலும் அச்சத்தையே கூட்டுகிறது. அச்சம் வந்தால் அசைவு குறையும். அசைவு குறைந்தால் தசை மெலியும். தசை மெலிந்தால் மூட்டின் பாரம் மேலும் கூடும்.

அடித்தளம்: அசைவு

தேய்ந்த குருத்தெலும்பைத் திரும்ப வளர்க்கும் மருந்து இன்றுவரை இல்லை. ஆனால் மூட்டைச் சுற்றியுள்ள தசைகளை எந்த வயதிலும் வலுப்படுத்தலாம். வயிறு, முதுகு, புட்டம் ஆகியவற்றின் தசைகள் பாரத்தில் ஒரு பங்கை ஏற்றுக்கொண்டால் மூட்டுக்குச் சுமை குறைகிறது. முதுகுவலிக்கான பெரும்பாலான வழிகாட்டிகளில் உடற்பயிற்சி முதல் வரிசையில் இருப்பது இதனால்தான்.

எந்தப் பயிற்சி என்பது வலியின் வகையைப் பொறுத்தது. நரம்புப் பாதை குறுகியவர்களுக்கு முன்னால் குனியும் பயிற்சிகள் பொருந்தும். மல்லாந்து படுத்து முழங்கால்களை மார்போடு சேர்ப்பதும், நிலைச் சைக்கிள் ஓட்டுவதும் அவற்றில் சில. அவர்களே புஜங்காசனம், தனுராசனம் என்று பின்னால் வளைந்தால் கால் குடைச்சல் கூடும். எலும்பு அடர்த்தி குறைந்த வயதான பெண்களுக்கோ நிலைமை வேறு. ஆழமாகக் குனியும் ஆசனங்கள் முள்ளெலும்பை நொறுக்கிவிடலாம். யோகா நல்லதுதான், ஆனால் ஒரே வகுப்பில் எல்லோருக்கும் ஒரே ஆசனம் என்பது இந்த நோய்க்குச் சரிவராது. புட்டத்தைத் தூக்கும் பாலப் பயிற்சியும், கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி எதிரெதிர் கை காலை நீட்டும் பயிற்சியும் பெரும்பாலோருக்கு ஒத்துவரும். ஒரு பிசியோதெரபிஸ்ட் நேரில் பார்த்துத் தேர்ந்து கொடுத்தால் நல்லது.

பயிற்சியின்போது தாங்கக்கூடிய வலி வந்து, மறுநாளுக்குள் பழைய நிலைக்குத் திரும்பினால் பயப்பட வேண்டாம். மறுநாளும் கூடுதலாக வலித்தால் அளவைக் குறைக்க வேண்டும், நிறுத்த வேண்டியதில்லை. பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகும். அதற்கு முன்பே பலர் கைவிட்டுவிடுகிறார்கள்.

நடையைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். ஆஸ்திரேலியாவில் முதுகுவலி வந்து குணமான 701 பேரிடம் நடத்திய ஆய்வு 2024-இல் லான்செட் இதழில் வெளியானது. படிப்படியாகக் கூட்டிய நடையும் அதோடு தக்க ஆலோசனையும் பெற்றவர்களுக்கு வலி திரும்ப இடைநிலையாக 208 நாட்கள் ஆயின. மற்றவர்களுக்கு 112 நாட்கள். செருப்பைத் தவிர வேறு செலவில்லாத வைத்தியம் இது.

வெந்நீர் ஒத்தடம், உடல் எடையைக் குறைத்தல், புகையை விடுதல், நல்ல தூக்கம் எல்லாம் இந்த அடித்தளத்தைச் சேர்ந்தவை. வீட்டைவிட்டு வரமுடியாதவர்களுக்குத் தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் வீட்டிலேயே பிசியோதெரபி தரப்படுகிறது.

மாத்திரை எதற்கு?

அசைய முடியாத அளவுக்கு வலிப்பவரை நடக்கச் சொல்வதில் பயனில்லை. வலியைச் சற்றுத் தணித்து, நடக்கவும் தூங்கவும் இடம் தருவதே மாத்திரையின் வேலை.

பாராசிட்டமாலைப் பாதுகாப்பானது என்று முதலில் கொடுப்பது வழக்கம். திடீரென வரும் இடுப்புவலியில் அது வெற்று மாத்திரையைவிட மேலாக வேலை செய்யவில்லை என்று 2014-இல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. ஐபுப்ரோஃபென், நாப்ராக்சென், டைக்ளோஃபெனாக், எட்டோரிகாக்சிப் போன்ற அழற்சி தணிக்கும் மருந்துகள் ஓரளவு நிச்சயமாக உதவும். அவற்றின் விலையைக் கொடுப்பது வயிறு, சிறுநீரகம், இதயம். ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர், சிறுநீரகம் பலவீனமானவர், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர் ஆகியோர் மருந்துக்கடையில் கேட்டு வாங்கி விழுங்குவது ஆபத்து. குறைந்த அளவில், குறைந்த நாட்களுக்கு, மருத்துவருக்குத் தெரிந்து என்பதே விதி.

நாள்பட்ட வலிக்கு டுலோக்சட்டின் சிலருக்குக் கைகொடுக்கும். இது மனச்சோர்வுக்கும் தரப்படும் மருந்து; மருந்துச் சீட்டில் அதைக் கண்டு "எனக்கென்ன மனநோயா?" என்று பதற வேண்டாம். நரம்பின் வழி போகும் வலிச் செய்தியைத் தணிக்கவே அது தரப்படுகிறது. பிரிகாபலின் பரவலாக எழுதப்பட்டாலும், காலுக்கு இறங்கும் நரம்புவலியில் அது வெற்று மாத்திரையைவிடப் பயன்படவில்லை என்று 2017-இல் வெளியான ஆய்வு கண்டது; தலைசுற்றல்தான் கூடியது. டிராமடால் போன்ற ஓபியாய்டு மருந்துகள் மலச்சிக்கல், மயக்கம், பழக்கமாதல் ஆகியவற்றைக் கொண்டுவரும். முதியவர்கள் தடுமாறி விழுந்து இடுப்பை முறித்துக்கொள்வதும் நடக்கும்.

குளுக்கோசமைன்? நார்வேயில் இடுப்புத் தேய்மான வலி உள்ள 250 பேருக்கு, பாதிப் பேருக்கு அம்மருந்தையும் மீதிப் பேருக்கு வெற்று மாத்திரையையும் ஆறு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். 2010-இல் வெளியான முடிவு: வித்தியாசம் இல்லை. கால்சியம் எலும்பு அடர்த்திக்கானது. மூட்டுத் தேய்மான வலிக்கு அது மருந்தாகாது.

பெல்ட், டிராக்‌ஷன், எண்ணெய்

உலக சுகாதார அமைப்பு 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்புவலிக்கென்று ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. நம் ஊரில் வழக்கமாக எழுதித் தரப்படும் பலவற்றுக்கு அது எதிராக நிற்கிறது. இடுப்பு பெல்ட், டிராக்‌ஷன், அல்ட்ராசவுண்ட் சிகிச்சை, ஓபியாய்டு மாத்திரைகள் ஆகியவற்றை வழக்கமாகத் தர வேண்டாம் என்கிறது. உடற்பயிற்சி, நோயைப் பற்றிய கல்வி, மனநலச் சிகிச்சை, மசாஜ், பயிற்சி பெற்றவர் கையால் செய்யும் முதுகுச் சிகிச்சை ஆகியவற்றைத் தரலாம் என்கிறது.

ஆகவே எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடுவதை நவீன மருத்துவம் ஒட்டுமொத்தமாக ஒதுக்குவதாக எண்ண வேண்டாம். சில நாட்கள் இதமாக இருந்தால் அந்த நாட்களில் நடையைக் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் சலூன் நாற்காலியில் கழுத்தைத் திருகிச் சொடுக்கெடுப்பது வேறு விஷயம். கழுத்து வழியே மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்த சம்பவங்கள் மருத்துவ இலக்கியத்தில் பதிவாகியுள்ளன. அழற்சி வாதத்தால் முதுகு இறுகிப்போனவர்களுக்குத் திருகல் எலும்பையே முறித்துவிடக்கூடும்.

ஊசி

தேய்ந்த சிறு மூட்டுக்குள் ஸ்டீராய்டு செலுத்துவது ஒரு வகை. அந்த மூட்டின் வலியைக் கடத்தும் மெல்லிய நரம்பை மரக்கச் செய்து பார்த்து, வலி குறைந்தால் அதே நரம்பை ரேடியோ அலையின் வெப்பத்தால் செயலிழக்க வைப்பது இன்னொரு வகை. நரம்பு மீண்டும் வளரும் என்பதால், பலன் கிடைப்பவர்களுக்கும் அது பல மாதங்கள், கூடினால் ஓராண்டு நிற்கும். நரம்புப் பாதை குறுகியவர்களுக்குத் தண்டுவட உறைக்கு வெளியே ஸ்டீராய்டு போடுவது மூன்றாவது வகை.

இவற்றின் சான்று விளம்பரங்கள் சொல்லும் அளவுக்கு வலுவாக இல்லை. பாதை குறுகிய 400 பேரிடம் நடந்த அமெரிக்க ஆய்வில் (2014), ஸ்டீராய்டு சேர்த்த ஊசி, வெறும் மரப்பு மருந்து ஊசியைவிட ஆறாவது வாரத்தில் குறிப்பிடும்படி மேலாக இல்லை. நெதர்லாந்தில் நடந்து 2017-இல் வெளியான ஆய்வுகளில், பயிற்சியோடு ரேடியோ அலைச் சிகிச்சையைச் சேர்த்ததால் பெரிய லாபம் கிட்டவில்லை. 2025-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட வழிகாட்டி, நாள்பட்ட முதுகெலும்பு வலிக்கு இந்த ஊசிகள் வேண்டாம் என்றே சொல்கிறது. வலி நிபுணர்களின் சங்கங்கள் இதை ஏற்கவில்லை. நோயாளிகளைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் பலன் உண்டு என்பது அவர்கள் வாதம்.

நடுநிலையாகச் சொன்னால், பயிற்சியை உண்மையாகவே மூன்று மாதம் செய்தும் வலி விடாதவர், சோதனை ஊசியில் தெளிவாக வலி குறைந்தவர் இதைப் பரிசீலிக்கலாம். கிடைக்கும் வலியற்ற மாதங்களைப் பயிற்சிக்குப் பயன்படுத்தாவிட்டால் பணம்தான் செலவு. சர்க்கரை நோயாளிகளுக்கு ஸ்டீராய்டு ஊசிக்குப் பிறகு சில நாட்கள் சர்க்கரை எகிறும். அதை முன்பே மருத்துவரிடம் பேசிவிட வேண்டும்.

கத்தி எப்போது?

அறுவை பற்றிய முதல் கேள்வி: வலி முதுகிலா, காலிலா? நெருக்கப்பட்ட நரம்பை விடுவிக்கும் அறுவை கால்வலிக்கும் நடை தூரத்துக்கும் நன்றாக உதவும். முதுகில் மட்டும் உள்ள தேய்மான வலிக்கு அதன் பலன் நிச்சயமற்றது.

கால்வலிக்குக்கூட உடனே தேவையில்லாமல் போகலாம். பாதை குறுகிய 169 பேரை அறுவைக்கும் பிசியோதெரபிக்குமாகப் பிரித்த ஆய்வில் (2015), இரண்டாண்டு முடிவில் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே நிலை. பிசியோதெரபி பிரிவில் பாதிக்கு மேற்பட்டோர் இடையில் அறுவைக்கு மாறினார்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். பயிற்சி எல்லோருக்கும் போதாது. ஆனால் முயன்று பார்ப்பதால் பெரும்பாலோருக்கு இழப்பில்லை.

அடுத்த கேள்வி, ஸ்குரூவும் கம்பியும் வைத்து எலும்புகளை இணைக்க வேண்டுமா என்பது. நரம்பை விடுவிப்பது மட்டும் போதுமா, இணைப்பும் சேர வேண்டுமா என்று ஸ்வீடனில் ஒப்பிட்டார்கள் (2016). இணைப்பால் கூடுதல் நன்மை தெரியவில்லை. நார்வே ஆய்வும் (2021), முள்ளெலும்பு இடம்விட்டு நழுவியவர்களில்கூட விடுவிப்பது மட்டும் பெரும்பாலும் போதும் என்றது. ஸ்வீடன் ஆய்வோடு வெளியான அமெரிக்க ஆய்வு மட்டும் இணைப்பில் சிறிது கூடுதல் பயன் கண்டது. இணைத்த இடம் அசையாததால் அதற்கு மேலும் கீழும் உள்ள மூட்டுகளின் பாரம் கூடும். "எனக்கு இணைப்பு ஏன் தேவை?" என்று கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு. வேறொரு நிபுணரின் கருத்தைக் கேட்பது முதலாமவரை அவமதிப்பதாகாது.

அழற்சி வாதத்துக்கு வேறு பாதை

மேலே சொன்ன வரிசை தேய்மானத்துக்கு உரியது. அழற்சி வாதத்தில் பயிற்சியோடு மருந்தும் முதல் நாளிலிருந்தே முக்கியம். தேய்மானக்காரர்களுக்குச் சில நாட்களுக்கு மட்டும் என்று சொன்ன அதே அழற்சி தணிப்பு மாத்திரைகள் இங்கே முதல் நிலை மருந்து; கண்காணிப்போடு நீண்ட காலமும் தரப்படலாம். அவை போதாதபோது அடாலிமுமாப், எட்டனர்செப்ட், செக்குக்கினுமாப் போன்ற உயிரிமருந்து ஊசிகளும், டோஃபாசிட்டினிப் போன்ற மாத்திரைகளும் உண்டு. படுக்கையிலிருந்து எழ ஒரு மணி நேரம் ஆனவர் வேலைக்குத் திரும்புவதை இவை சாத்தியமாக்கியுள்ளன. இந்தியாவில் அடாலிமுமாப் மருந்தின் உள்நாட்டு வடிவம் 2014-இல் வந்தபின் விலையும் இறங்கியது. இவற்றைத் தொடங்குமுன் உடலில் உறங்கும் காசநோய் உண்டா என்று பரிசோதித்தே ஆக வேண்டும்.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது மூன்று கேள்விகளை எழுதி எடுத்துப் போங்கள். என் வலி தேய்மானமா, அழற்சியா, நரம்பு நெருக்கமா? எனக்குப் பொருந்தும் பயிற்சி எது, செய்யக் கூடாதது எது? நீங்கள் சொல்லும் மாத்திரையோ ஊசியோ எவ்வளவு நாளைக்கு, அது பலிக்காவிட்டால் அடுத்து என்ன? இந்த மூன்றுக்கும் தெளிவான பதில் கிடைக்கும்வரை பெரிய செலவுள்ள எந்தச் சிகிச்சைக்கும் தலையாட்ட வேண்டாம். அபாய அறிகுறி இருந்தால் மட்டும் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.